நீரிழிவுக் கல்வியும் இளையோர் கலையும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



இச்சபையிற் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபோது, யாம் இலக்கியப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்வோமென அன்பர் பலர் எதிர்பார்த்திருப்பர். தமிழ் கற்பிப்பவன் நோயைக் குறித்துப் பேசப் புகுவது தகுமோ என ஐயுறுவாரும் இருப்பர். மருத்துவம் எமது துறையன்று. ஆயினும், திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, மருத்துவம் நான்கு கூறுடையதென வகுத்தார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றனோடு, அருகிருந்து பேணுவோரையும் நான்காம் கூறாக வைத்தார். பள்ளிப் பிள்ளைக்கு நோய் வருங்கால், பகற்பொழுதில் அருகிருப்போர் ஆசிரியரும் உடன்பயில்வோருமே. மாலையில் அருகிருப்போர் பெற்றோரும் உறவின்முறையாருமே. அந்நான்காம் கூற்றைச் சேர்ந்தவர் என்னும் உரிமை ஒன்றே எமக்கு உண்டு. அவ்வுரிமை கொண்டு சில சொல்லத் துணிந்தோம்.

முதற்கண் எமது பிழையொன்றை இச்சபை முன்னர் வைக்கின்றோம்.

சில ஆண்டுகட்கு முன் ஒருநாள், ஒன்பதாம் வகுப்பில் யாம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி மேசைக்குக் கீழே குனிந்து மிட்டாய் ஒன்றை வாயிலிட்டாள். யாம் அவளை எழுப்பி நிறுத்தினோம். வாயிலுள்ளதைத் துப்பிவிட்டு வருமாறு கடிந்து கூறினோம். அவள் மறுமொழி கூறாது பணிந்தாள். சிறிது நேரத்தில் அவள் கை நடுங்கியது, முகம் வியர்த்தது, பேச்சுக் குழறியது, பலகைமேற் சாய்ந்தாள். அருகிருந்த தோழி மட்டும் உண்மை அறிந்தவள். அவள் ஓடிப்போய், தலைமையாசிரியர் அறையில் தேநீருக்கு வைத்திருந்த சர்க்கரையைக் கொணர்ந்து, நீரிற் கரைத்துப் பருகச் செய்தாள். கால்மணி நேரத்தில் அப்பெண் தெளிந்தெழுந்தாள். யாமோ தெளிந்திலோம்.

பின்னரே யாம் அறிந்தோம். அச்சிறுமிக்குப் பதினோராம் வயது முதல் நீரிழிவு உண்டு. நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டே அவள் பள்ளிக்கு வந்தாள். பெற்றோர் அதனை ஒருவர்க்கும் உரைத்திலர். ஏன் மறைத்தீர் என வினவியபோது, அவள் தாயார், "நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள், ஐயா?" என்றார். அவ்வொரு வினாவிற்கு விடை தேடியதன் பயனே இன்றைய பேச்சு.

நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். நாம் உண்ணும் சோறும் பிறவும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் சேர்கின்றன. அச்சர்க்கரை உடலின் உயிரணுக்களுக்குள் புகுவதற்குத் திறவுகோல் போல உதவுவது, கணையம் என்னும் உறுப்பிற் சுரக்கும் இன்சுலின். முதல் வகை நீரிழிவில், உடலின் காப்பு ஆற்றலே தவறிப்போய், இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றது. இவ்வகை சிறாரிடத்தே மிகுதியாகக் காணப்படும். இது மிட்டாய் தின்றதனால் வருவதன்று; பெற்றோர் செய்த பிழையாலும் வருவதன்று; தொட்டால் ஒட்டுவதும் அன்று. இந்நோயுற்ற பிள்ளைக்கு இன்சுலின் உணவைப் போலவே இன்றியமையாதது. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரப்பினும் அது செவ்வனே வேலை செய்வதில்லை. நாளடைவிற் சுரப்பும் குறையும். மரபு, உடற்பருமன், ஓடியாடாமை ஆகியன அதற்குத் துணைசெய்வன. முன்னாளில் முதியோர் நோயெனப்பட்ட அது, இக்காலத்தில் பதின்பருவத்தாரையும் பற்றுகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையர் என்றும், தமிழ்நாட்டில் வயதுவந்தோர் நூற்றுவரில் 14 பேருக்கு மேல் அஃதுடையர் என்றும் கணித்தது. எனவே இது பிறர் வீட்டுச் செய்தியன்று.

1922ஆம் ஆண்டுக்கு முன் முதல் வகை நீரிழிவுற்ற சிறார் பிழைப்பது அரிது. அவ்வாண்டு ஜனவரித் திங்களில், கனடா நாட்டு டொராண்டோ நகர மருத்துவமனையில், லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதல் இன்சுலின் செலுத்தப்பட்டது. 11ஆம் நாள் இட்ட மருந்து தூய்மையின்மையாற் பயன் தரவில்லை. காலிப் என்னும் வேதியியல் அறிஞர் தூய்மை செய்து தந்ததை 23ஆம் நாள் இட்டபோது பயன் தந்தது. சாவின் வாயிலில் நின்ற அச்சிறுவன் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். அதே 1922ஆம் ஆண்டிலேதான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அன்று அவர்கள் கற்று வந்ததைத் தமக்குள் மறைத்து வைத்திருப்பின், இன்று சிவகாசி ஏது? இன்சுலின் கண்ட அறிஞரும் அதன் உரிமையைப் பெரும்பொருளுக்கு விற்றிலர். ஆளுக்கு ஒரு டாலர் என்னும் பெயரளவு விலைக்கே டொராண்டோப் பல்கலைக்கழகத்திற்கு ஈந்தனர். அறிவு பலர்க்கும் பயன்படுவது வெளிப்பட்டபோதே.

இன்சுலின் ஆராய்ச்சியைத் தொடங்கிய பாண்டிங் என்பார் ஓவியமும் தீட்டுவார். ஜாக்சன் என்னும் புகழ்மிக்க ஓவியருடன் வடதுருவப் பனிநிலம் வரை சென்று படம் வரைந்தவர் அவர். அவர் பிறந்த நவம்பர் 14ஆம் நாளே உலக நீரிழிவு நாளாகக் கொள்ளப்படுகின்றது. நம் நாட்டில் அந்நாளே குழந்தைகள் நாளும் ஆகும். நோயும் குழந்தையும் கலையும் ஒரு நாளில் வந்து கூடியது, எமக்கு ஒரு வழியைக் காட்டுவதுபோல் தோன்றிற்று.

மேற்கூறிய நிகழ்ச்சிக்குப் பின் யாம் முதலிற் செய்தது யாதெனின், மருத்துவர் ஒருவரை அழைத்துப் பள்ளியிற் பேசச் செய்ததே. அவர் நல்லவர், கூறியன யாவும் உண்மை. ஒரு மணி நேரம் பேசினார். கண் கெடும், சிறுநீரகம் கெடும், காலை இழக்க நேரும் என்றெல்லாம் எச்சரித்தார். பிள்ளைகள் அசையாதிருந்தனர். வினாக் கேட்பார் ஒருவரும் இலர். அச்சிறுமி தலை நிமிரவேயில்லை. மறுவாரம் ஒரு மாணவன் எம்மிடம் தனியே வந்து, "அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கும் வருமா, ஐயா?" என்றான். அப்பொழுதே அறிந்தோம், ஒரு மணி நேரச் சொற்பொழிவு செவியளவிலே நின்றுவிட்டதென்று. பதின்பருவம் அறிவுரையை வெறுக்கும் பருவம். அச்சம் ஊட்டினால் அப்பருவத்தார் திருந்துவதினும் மறைப்பதே மிகுதி.

ஆகவே எமக்குத் தெரிந்த தொழிலையே கையிற்கொண்டோம். தமிழாசிரியர் எவரும் மாணவர்க்குக் கொடுக்கும் பழைய கட்டுரைப் பயிற்சி ஒன்று உண்டு. குடை தன் வரலாறு கூறுதல், பழைய நாணயம் தன் வரலாறு கூறுதல் என்பன போல்வது. அவ்வாரம் யாம் கொடுத்த தலைப்பு, "சர்க்கரை நோயாளியின் வீட்டிலுள்ள ஒரு பொருள் தன் வரலாறு கூறுதல்" என்பது. பெயரெழுத வேண்டா என்றோம். மாணவர் எழுதியவற்றைப் படித்தபோதே, எத்தனை வீடுகளில் இந்நோய் உண்டென்பது எமக்குப் புலனாயிற்று. ஒருவன் பாட்டனாரின் செருப்பைப் பேசவைத்தான். காற்புண் ஆறாமையால் அது ஒற்றைச் செருப்பானதை எழுதினான். ஒருத்தி, பூட்டிவைத்த பலகாரத் தூக்குவாளியைப் பேசவைத்தாள். மற்றொரு தாளில், கணிதப் பெட்டிக்குள் கவராயத்தோடும் பாகைமானியோடும் ஒளிந்து வாழும் ஊசி பேசிற்று. தான் ஒருவர்க்கும் தீங்கு செய்யாதிருக்கவும், திருட்டுப்பொருள் போல ஏன் மறைத்து வைக்கின்றனர் என அஃது வினவிற்று.

அத்தாளை யாம் வகுப்பிற் படித்தோம். படித்து முடிக்குமுன் அச்சிறுமி எழுந்து நின்று, "அது நான் எழுதியது, ஐயா" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. பின்னர் வினாக்கள் எழுந்தன. வலிக்குமா? ஒரு நாளைக்கு எத்தனை முறை? மறந்தால் என்ன ஆகும்? மருத்துவரிடம் கேளாத வினாக்களை அவளிடம் கேட்டனர். அவள் நின்றபடியே அனைத்திற்கும் விடை கூறினாள். அன்று ஆசிரியை அவளே, யாம் மாணாக்கர்.

அதன்மேல் அவ்வாண்டு விழாவிற்கு வில்லுப்பாட்டு ஒன்று அமைப்பதென மாணவரே முடிவுசெய்தனர். வில்லும் உடுக்கையும் குடமும் கொண்டு கோயிற் கொடைகளில் தெய்வக்கதை பாடுவது நம் தென்பாண்டி நாட்டு வழக்கு. அதனைப் புதுப்பொருளுக்கு ஆளுவதும் புதிதன்று. கொத்தமங்கலம் சுப்பு காந்தியடிகள் வரலாற்றை வில்லிற் பாடினார். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949ஆம் ஆண்டில் வெளிவந்த நல்லதம்பி என்னும் படத்தில், கிந்தனார் காலட்சேபத்தால் கல்வியின் சிறப்பை நகைச்சுவையொடு நாட்டினார். கல்விக்குப் பயன்பட்ட கலை உடல்நலத்திற்கு ஏன் பயன்படலாகாது?

கலையின் பயன் பார்ப்போர்க்கு மட்டும் உரியதன்று, முதற்பயன் ஆக்குவோர்க்கே. இன்சுலின் திறவுகோல் என்று ஓரடி பாடவேண்டுமாயின், எப்பூட்டைத் திறக்கின்றதென அறியாமற் பாட இயலாது. அதற்காகப் பிள்ளைகள் நூல் தேடினர். மருத்துவரை மீண்டும் தாமே சென்று கண்டு வினவினர். சர்க்கரை குறைந்தால் நடுக்கம், வியர்வை, பசி, தடுமாற்றம் தோன்றும் என்றும், உடனே மூன்று தேக்கரண்டி அளவு சர்க்கரையோ குளுக்கோசோ நீரிற் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும் என்றும், நினைவிழந்தார் வாயில் ஒன்றும் ஊற்றலாகாது, விரைந்து மருத்துவமனை சேர்க்கவேண்டும் என்றும் பாட்டிலே வைத்தனர். குளிர்பெட்டி இல்லாத வீட்டில், வெயிற்காலத்தில், இன்சுலின் குப்பியை நீர் படாமற் பொதிந்து, ஈரமணல் சூழ்ந்த மண்பானைக்குள் வைத்துக் காக்கலாம் என்பதனையும் ஒருவன் நகைச்சுவையாகப் பாடினான். பாடம் கேட்டவர் மறப்பர். பாட்டுக் கட்டியவர் மறவார்.

வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர்க்குத் தனிச்சிறப்பு உண்டு. ஊரார் மனத்திலுள்ள ஐயத்தை அவரே கேட்பார். கருப்பட்டி தின்றால் சர்க்கரை ஏறாதாமே என்று எம் பின்பாட்டுக்காரச் சிறுவன் கேட்டான். சபையில் இருந்த முதியோர் பலர் தலையசைத்தனர். ஏறும் என்று புலவன் விடையிறுத்தான். பனை நம் முன்னோரை வாழ்வித்த மரம். கருப்பட்டி நமக்குப் பெருமை தரும் பொருள். ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. நிறம் கறுத்திருத்தலால் இரத்தம் அதனை வேறென எண்ணுவதில்லை. இதனை யாம் கூறியிருப்பின் சிலர் சினந்திருப்பர். பேரன் வாயாற் கேட்டபோது சிரித்து ஏற்றனர்.

மேனாட்டிலும் இவ்வழி கண்டுளர். அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ நகரில், 2011ஆம் ஆண்டில், அந்நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவ அறிஞரும், இளைஞர்க்குக் கவிதை பயிற்றும் அமைப்பொன்றும் கூடி ஒரு முயற்சி தொடங்கினர். இளங்கவிஞர் தாமே எழுதி மேடையில் உரைக்கும் கவிதைகளாற் பள்ளி மாணவர்க்கு இரண்டாம் வகை நீரிழிவை விளக்குவதே அது. அவர்தம் கவிதைகள் நோயாளியைப் பழிக்கவில்லை; ஏழைகள் வாழும் தெருவில் நல்லுணவு அரிதாகவும் சர்க்கரைப் பானம் மலிவாகவும் இருப்பது யாரால் என்று வினவின. அறிவுரை கேட்டு ஒதுங்கியிருந்த இளைஞர், நீதி கேட்கும்போது முன்வந்தனர்.

எம் பிள்ளைகளும் அவ்வாறே கேட்டனர். அதனை இச்சபையில் மறையாமற் கூறுதல் எம் கடமை. பள்ளி விட்டதும் எதிரே தோன்றுவது எண்ணெயிற் பொரித்த பரோட்டாக் கடை. அடுத்தது குப்பிப் பானம் விற்கும் கடை. விளையாடும் திடலோ வண்டி நிறுத்தும் இடமாயிற்று. எங்களை மட்டும் உண்ணாதே என்றால் எப்படி எனப் பாடினர். அன்பர்களே! வணிகம் நமது குலத்தொழில். அக்கடைகளுள் நம்மவருடையன பல. கடையும் நம்முடையது, பிள்ளையும் நம்முடையது. யாம் வணிகரைக் குறைகூற வந்தோமல்லோம். சாத்தூர்ச் சேவையும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவையும் மறந்துவிடச் சொல்லவும் வந்தோமல்லோம். விழாநாள் இனிப்பு வேறு. நாள்தோறும் பள்ளி வாயிலில் விற்கும் இனிப்பு வேறு. கடையின் முன்வரிசையிற் சுண்டலும் மோரும் பழமும் வைத்துப் பார்ப்போமாக என்றே வேண்டுகின்றோம்.

விழா முடிந்தபின், கூட்டத்திலிருந்த ஒரு தந்தையார் எம்மைத் தனியே அழைத்து, தம் மகனுக்கும் அந்நோய் உண்டென்றும், இரண்டு ஆண்டுகளாக ஒருவர்க்கும் கூறிற்றிலேம் என்றும் தாழ்ந்த குரலிற் சொன்னார். அதனினும் கொடிய செய்தி ஒன்றும் சொன்னார். ஊசியை நிறுத்திவிட்டு வேறு மருந்தாற் குணமாக்குவேம் என்ற ஒருவர் சொல்லை நம்ப இருந்தாராம். முதல் வகை நோயுற்ற பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால், சின்னாளில் வாந்தியும் வயிற்றுவலியும் பெருமூச்சும் தோன்றி உயிர்க்கே கேடு வரும். மறைப்பு எங்கு உண்டோ அங்கே பொய்ம்மருத்துவம் புகும். கேட்பதற்கு ஆளின்மையால் தடுப்பதற்கும் ஆளிராது. கலை இன்சுலினுக்கு மாற்றன்று. அந்த இன்சுலினை அஞ்சாது, ஒளியாது, நேரந் தவறாது போட்டுக்கொள்ளும் துணிவைத் தருவதே அதன் பணி.

இனித் தாயார் கேட்ட வினாவிற்கு வருவோம். பெண் கேட்டு வருவோர் என்ன சொல்வர்? அதற்கு விடை கூறவேண்டியவர் மருத்துவரல்லர், நாமே. வரன் பார்ப்பதும் உறவு கலப்பதும் நம் சமூகத்துக்குள்ளேயே நிகழ்வன. நாம் ஏற்போமாயின் அத்தாய் மறைக்கமாட்டார். முறையாக மருத்துவம் செய்துகொள்ளும் பெண் கல்வி கற்கலாம், தொழில் புரியலாம், மணந்து மகப்பேறும் அடையலாம். நோயை மறைத்துச் செய்யும் மணமே இருவீட்டார்க்கும் துன்பம் தருவது. பெருந்தலைவர் காமராசரும் நீரிழிவு உடையவரே. அதனால் அவர் நாடாண்ட திறம் குறைந்ததோ?

முடிவாகச் சில வேண்டுகோள்கள். முதலாவது, நம் சமூகத்தார் நடத்தும் பள்ளிகள்தோறும் ஆண்டுக்கு ஒருமுறையேனும், நவம்பர் 14ஆம் நாளையொட்டி, மாணவரே ஆக்கிய பாட்டோ நாடகமோ படமோ அரங்கேற வேண்டும். இரண்டாவது, சிவகாசி அச்சகத்தார்க்கு. நாடெங்கும் நாட்காட்டி அனுப்பும் தங்கள் ஊரில், இப்பிள்ளைகள் தீட்டிய ஓவியங்களோடு, ஒவ்வொரு நாளின் சர்க்கரை அளவையும் குறித்துக்கொள்ளக் கட்டமிட்ட நாட்காட்டி ஒன்று அச்சிட்டு உதவவேண்டும். மூன்றாவது, விருதுநகர்ப் பங்குனிப் பொங்கற் பொருட்காட்சியில் அப்பிள்ளைகளின் வில்லுக்கு ஒரு மாலை இடம் அளிக்கவேண்டும். நான்காவது, அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கின்றது; 2022ஆம் ஆண்டு முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகின்றது. ஆயினும் நாள்தோறும் விரலிற் குத்திச் சோதிக்கும் பட்டைகளின் செலவு ஏழைக் குடும்பத்தாற் பொறுக்கலாகாதது. மகமைப் பணத்தில் ஒரு சிறுபகுதியை அதற்கு ஒதுக்கலாகாதா? பிடியரிசி திரட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மரபினர் நாம். 1889ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலையை எழுப்பிய கைகளுக்கு இஃது அரிதன்று.

ஐந்தாவது வேண்டுகோள் ஆசிரியர்கட்கு, முதலில் எமக்கே. வகுப்பில் ஒரு பிள்ளை மிட்டாய் தின்னக் கண்டால், கடியுமுன் ஒருமுறை அருகிற் சென்று, "உடம்பு எப்படி இருக்கிறது, அம்மா?" என்று கேட்போமாக. எமது மேசையறையில் இப்போது ஒரு சிறு சர்க்கரைப் புட்டி உண்டு. அதன்மேல் ஒட்டியுள்ள தாளில், வில் ஏந்திய ஊசி ஒன்றை அச்சிறுமியே வரைந்து கொடுத்தாள். அவள் இன்று கல்லூரியிற் பயில்கின்றாள். கணிதப் பெட்டிக்குள் ஊசி ஒளித்தகாலம் அவளுக்குப் போயிற்று. நம் பிள்ளைகள் எவர்க்கும் அக்காலம் இல்லாமற் போகுமாக.